முத்தின் பெயர் கொண்ட கல்: நாக்ஸோஸ் தீவில் ஐந்து நாட்கள்

முதல் நாள்: ஹோரா

கிரீஸ் நாட்டின் பிரேயஸ் துறைமுகத்தில் காலையில் ஏறிய கப்பல் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓடி நாக்ஸோஸை நெருங்கியபோது முதலில் கண்ணில் பட்டது ஒரு வாசல். சுவர் இல்லை, கூரை இல்லை, கடலோரத் திட்டின் மேல் சலவைக்கல்லால் ஆன பிரம்மாண்டமான வாசல் மட்டும் நிற்கிறது. போர்த்தாரா என்கிறார்கள். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் அப்பல்லோவுக்காகக் கட்டத் தொடங்கி, முடிக்காமலே விட்ட கோயிலின் வாசலாம். கப்பலில் இருந்த எல்லோரும் அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அதற்குப் பின்னால் தெரிந்த மலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வந்தது அந்த மலைகளுக்காகத்தான்.

எதற்கு வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் நிலவியல் கற்பிக்கிறேன். எங்கள் துறையின் கண்ணாடி அலமாரியில் மார்கரைட் என்ற கனிமத்தின் ஒரே ஒரு மாதிரி இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அது கட்டைவிரல் அகலம். தகடு தகடாக உரியும் மைக்கா வகைக் கனிமங்களைப் பாடம் எடுக்கும்போது, "மைக்காத் தகட்டை வளைத்தால் வளையும், விட்டால் நிமிரும். இது மட்டும் ஒடியும்" என்று சொல்லி அந்தக் கல்லை வரிசையில் கொடுத்து அனுப்புவேன். சொன்னால் நம்புகிற வயதா அது? ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு பிள்ளை வளைத்துப் பார்ப்பான். ஒரு மூலை போகும். போன ஆண்டு பெட்டியைத் திறந்தால் பஞ்சின் மேல் வெள்ளைத் துகள்தான் மிச்சம். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. கல்லின் குணத்தை அவர்கள் கையாலேயே தெரிந்துகொண்டார்கள். ஆனால் அது பிறக்கும் இடத்தை ஒரு முறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்குத்தான் வந்தது.

கூடவே தம்பி வந்திருக்கிறான். கணக்குத் தணிக்கை அவன் தொழில். கல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது, கேள்வி கேட்க மட்டும் நன்றாகத் தெரியும். அப்படி ஒருவர் உடன் இருப்பது நல்லதுதான்.

மாலையில் ஊருக்குள் நடந்தோம். ஒரு பழைய மதில் சுவரில் சிஸ்ட் கற்கள். அதாவது அடுக்கடுக்காக உரியும் உருமாற்றப் பாறை. அதில் வெயில் பட்டு மினுக்கிக்கொண்டிருந்த ஒரு செதிலைத் தம்பி நகத்தால் பெயர்த்தெடுத்தான்.

"அக்கா, இது காக்காப்பொன் தானே?"

ஆமாம், காக்காப்பொன்தான். மஸ்கோவைட் என்ற வெண்மைக்கா. அவனையே வளைக்கச் சொன்னேன். வளைந்தது. விட்டதும் டக்கென்று நிமிர்ந்தது. நாலைந்து முறை செய்து பார்த்தும் உடையவில்லை.

"இது ஏன் வளைகிறது என்று முதலில் தெரிந்துகொள். அப்போதுதான் மற்றது ஏன் ஒடிகிறது என்று புரியும்" என்றேன். சுவரோரத் திண்ணையிலேயே பாடம் நடந்தது.

மைக்காவை ஓர் ஓலைச்சுவடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஓலையும் மூன்று படலங்கள் ஒட்டியது. மேலும் கீழும் சிலிக்கான், நடுவில் அலுமினியம், எல்லாவற்றையும் இணைக்கும் ஆக்சிஜன். ஓலைக்குள் பிணைப்பு மிக வலுவானது. ஆனால் ஓர் ஓலைக்கும் அடுத்த ஓலைக்கும் நடுவே இருப்பது வேறு சங்கதி. சிலிக்கான் இருக்க வேண்டிய நான்கு இடங்களில் ஒன்றில் அலுமினியம் வந்து உட்கார்ந்தால், ஓலையில் ஓர் எதிர்மின்சுமை மிஞ்சிவிடும். அதை ஈடுகட்ட, ஓலைகளுக்கு இடையில் பொட்டாசியம் அயனி வந்து அமர்கிறது. பொட்டாசியத்துக்கு ஒரே ஒரு நேர்மின்சுமை. பிடி லேசானது. அதனால் ஓலைகள் சுலபமாகப் பிரியும், வளைக்கும்போது ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும், விட்டால் பழைய இடத்துக்கே வரும்.

இதில் மாற்றமே இல்லாமல், நான்கு இடமும் சிலிக்கானாகவே இருந்தால் மின்சுமையே மிஞ்சாது. நடுவில் யாரும் வந்து பிடிக்க வேண்டிய தேவையும் இல்லை. அந்தக் கனிமம் பைரோபிலைட். அதிலேயே நடுப்படலத்தில் அலுமினியத்துக்குப் பதில் மக்னீசியம் இருந்தால் டால்க். முகப்பவுடர் மாவு. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் டால்க்கின் கடினத்தன்மை 1. நான்கில் ஒன்று மாறினால் மஸ்கோவைட், கடினத்தன்மை இரண்டு, இரண்டரை. நான்கில் இரண்டு மாறினால்?

"ரெண்டு மைனஸ். ரெண்டு பிளஸ் வேண்டும்" என்றான் தணிக்கையாளன். கணக்கு அவனுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது.

அந்த இரண்டு நேர்மின்சுமை கொண்டதுதான் கால்சியம். அது வந்து அமர்ந்த மைக்காதான் மார்கரைட். மீதியை அதைக் கையில் வைத்துக்கொண்டு சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன்.

இரண்டாம் நாள்: அபீராந்தோஸ்

நாக்ஸோஸ் சைக்லடிஸ் தீவுக் கூட்டத்திலேயே பெரியது. நாங்கள் தங்கியிருக்கும் ஹோரா மேற்குக் கடற்கரையில் இருக்கிறது. மார்கரைட் கூடவே வரும் எமரிக் கல் கிடைக்கும் ஊர்கள் கிழக்கு மலைகளில். வழியில் ஹல்கி, பிலோட்டி, அப்புறம் ஸாஸ் மலையின் தோள். ஆயிரம் மீட்டரைச் சற்றே தாண்டும் அந்த மலைதான் சைக்லடிஸின் உச்சி. ஸாஸ் என்றால் ஜீயஸ்.

அபீராந்தோஸ் தெருக்களில் தரை முழுக்கச் சலவைக்கல். படியும் அதுவே, திண்ணையும் அதுவே. இந்த ஊரில் பிறந்த மனோலிஸ் க்லெஸோஸ்தான் 1941 மே மாத இரவொன்றில் தன் நண்பரோடு ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றின் மேல் ஏறி நாஜிக் கொடியை இறக்கியவர். எமரி வெட்டும் மக்களின் ஊர் இது. கல்லை விடக் கடினமான ஆட்கள் என்று எங்கள் விடுதி அம்மாள் பெருமையாகச் சொன்னார்.

எமரி என்றால் என்ன? சாணை பிடிக்கவும் உலோகத்தைத் தேய்க்கவும் பயன்படும் கறுப்புக் கல். எமரித்தாள் தெரியாத பட்டறை உண்டா? அது ஒரு தனிக் கனிமம் அல்ல. குருந்தமும் மேக்னடைட்டும் வேறு சிலவும் நெருங்கிப் பின்னிய பாறை. இரும்பு இருப்பதால் காந்தம் ஒட்டும். குருந்தம் இருப்பதால் வைரத்தைத் தவிர இயற்கையில் கிடைக்கும் ஏறக்குறைய எல்லாவற்றையும் கீறும். மோஸ் அளவுகோலில் குருந்தம் 9.

இந்தக் குருந்தம் நம் சொல். ஆங்கிலத்தில் கொரண்டம் என்று உலகமே சொல்லும் பெயர் தமிழின் குருந்தத்திலிருந்து போனது. சிவப்பாக இருந்தால் மாணிக்கம், நீலமாக இருந்தால் நீலக்கல், நிறமும் தெளிவும் இல்லாமல் இரும்போடு கலந்து கிடந்தால் எமரி. இந்த மலைக்கிராமத்து நிலவியல் அருங்காட்சியகத்தில் கறுப்புக் கற்களின் முன்னால் நின்றபோது, பல்லாயிரம் மைல் தள்ளி வந்தும் சொந்தக்காரர் ஒருவரைப் பார்த்தது போல இருந்தது. தம்பியிடம் சொன்னேன். அவனும் ஒரு நிமிடம் கண்ணாடிக்கு அருகே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

சலவைக்கல் மலைக்குள் எமரி எப்படி வந்தது என்பதுதான் எனக்கு இந்தத் தீவின் மிகப் பெரிய கதை. மீசோசோயிக் காலத்தில், டைனோசர்கள் இருந்த யுகத்தில், இது சுண்ணாம்புக்கல் நிலம். மழை அரித்துக் குழியும் பள்ளமுமாகக் கிடந்தது. வெப்பமும் மழையும் மிகுந்த தட்பவெப்பத்தில் மண்ணிலிருந்து கரையக்கூடியது எல்லாம் கரைந்து போக, கரையாத அலுமினியமும் இரும்பும் அந்தக் குழிகளில் செம்மண்ணாகத் தேங்கின. அதுதான் பாக்சைட். அப்புறம் கடல் ஏறியது. மேலே மறுபடி சுண்ணாம்பு படிந்தது. கண்டங்கள் மோதியபோது எல்லாமே பூமிக்குள் ஆழமாகப் போயின. சுண்ணாம்புக்கல் சலவைக்கல் ஆயிற்று. குழியில் இருந்த பாக்சைட் எமரி ஆயிற்று. அதனால்தான் எமரி இங்கே நீண்ட படுகையாக இல்லாமல், சலவைக்கல்லுக்குள் பருப்பு பருப்பாக, தனித்தனிப் பொதிகளாகக் கிடக்கிறது. ஒவ்வொரு பொதியும் ஒரு பழங்காலக் குழியின் அச்சு.

மாலையில் ஊருக்கு வெளியே சாலையோரம் சரிந்து கிடந்த கல்லில் முத்து நிறத்தில் லேசான இளஞ்சிவப்போடு ஒரு செதில் கூட்டம் கண்டேன். கைலென்ஸ் வைத்துப் பார்த்தால் அதே பளபளப்பு. இதுவாகத்தான் இருக்க வேண்டும். கை நடுங்குகிறது. இருட்டிவிட்டதால் சோதிக்கவில்லை, காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன்.

மூன்றாம் நாள்: கோரோனோஸ்

நேற்று எழுதியதைத் திருத்த வேண்டும். அது மார்கரைட் இல்லை.

இரவு விளக்கடியில் முதலில் ஒரு செதிலை எடுத்து இடுக்கியால் வளைத்தேன். வளைந்து நிமிர்ந்தது. அடுத்து, நான் பையில் எப்போதும் வைத்திருக்கும் செம்புத் தகட்டின் முனையால் கீறினேன். கோடு விழுந்தது. செம்பின் கடினத்தன்மை 3. மார்கரைட்டின் பிளவுத் தளம் 4ஐ ஒட்டியிருக்கும், செம்புக்கு அது மசியாது. ஆக, நேற்றுப் பார்த்தது சாதாரண வெண்மைக்காதான். நிறத்தையும் பளபளப்பையும் நம்பி ஏமாறாதீர்கள் என்று வகுப்பில் ஆயிரம் முறை சொல்லியிருப்பேன். தேடி வந்த ஆசை கண்ணை மறைத்துவிட்டது. சரி, இன்றைக்கு நடந்ததற்கு வருகிறேன்.

கோரோனோஸிலிருந்து லியோனாஸ் கடற்கரைக்கு இறங்கும் சாலை. ஒரு வளைவுக்கு மேல் துருப்பிடித்த தள்ளுவண்டிகள், சரிவில் இருண்ட சுரங்க வாய்கள். கீழே கொட்டிய கழிவுக்கல் குவியல்கள் மலையின் நிறத்தையே மாற்றியிருக்கின்றன. சலவைக்கல் வெள்ளைக்கு நடுவே நீலக் கறுப்பு. சுரங்கத்துக்குள் நாங்கள் போகவில்லை. பழைய சுரங்கம், கூரைக்கு உத்தரவாதம் கிடையாது. யாரும் போக வேண்டாம்.

அங்கேதான் அந்தப் பெரியவரைச் சந்தித்தோம். ஓய்வு பெற்ற சுரங்கத் தொழிலாளி. எங்களைக் கூட்டிவந்த டாக்சிக்காரருக்குத் தூரத்து உறவு. அவர் பேசியதை டாக்சிக்காரர்தான் மொழிபெயர்த்தார்.

"ஐயா, எத்தனை ஆண்டு உள்ளே வேலை பார்த்தீர்கள்?" என்று கேட்டேன்.

"அப்பா கூடப் போக ஆரம்பித்த வயசு எனக்கே ஞாபகம் இல்லை, மகளே. கால் சொல்கிற வரைக்கும் போனேன்" என்றார்.

எமரியை அவர் ஸ்மிரிதா என்கிறார். எமரி என்ற பெயரே இந்தக் கிரேக்கச் சொல்லிலிருந்து திரிந்து போனதுதான். இந்த மலையூர்க்காரர்களுக்கு மட்டுமே இங்கே வெட்டும் உரிமை. வெட்டியதை அரசாங்கம்தான் வாங்கும். 19ஆம் நூற்றாண்டிலிருந்து இந்த முறை. இந்தக் கல்லைத் துளையிடுவது பெரும்பாடு என்பதால் அந்தக் காலத்தில் பாறை முகத்தில் விறகை அடுக்கி எரித்து, சூடானதும் தண்ணீர் ஊற்றிப் பிளப்பார்களாம். தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறாராம். அவருடைய உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். ரேகைகளுக்குள் கறுப்பு இன்னும் இருக்கிறது.

நான் தேடுவதைச் சொன்னேன். கல்லின் பெயர் அவருக்குத் தெரியவில்லை. ஆனால் "கறுப்புக் கல்லின் ஓரத்தில் வெள்ளையாக, முத்துப் போல மின்னுமே, தொட்டால் பொடியும், அதுவா?" என்றார். அதேதான். மார்கரிடெஸ் என்றால் கிரேக்கத்தில் முத்து. ஆஸ்திரியாவின் டிரோல் மலைகளில், ஸில்லர்டாலில் கிடைத்த கல்லுக்குத்தான் முதலில் இந்தப் பெயரை வைத்தார்கள். பெயர் வைத்தவர்கள் கண்டதையே, புத்தகம் எதுவும் பார்க்காமல் இவர் சொல்லிவிட்டார்.

குவியலைச் சுற்றி அரை மணி நேரம். காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு தம்பி நடந்தான். காந்தம் இழுத்த கல்லையெல்லாம் எடுத்துப் பார்ப்பது என் வேலை. இருபது கல்லாவது கடந்திருக்கும். பெரியவர் எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றவர், கைத்தடியால் ஒரு கல்லைப் புரட்டினார்.

கைப்பிடி அளவுக் கல். தூக்கினால் அளவுக்கு மீறிய கனம். உடைந்த முகத்தில் கறுப்புக்கு நடுவே சாம்பல் நீலமாகக் குருந்த மணிகள். அந்த மணிகளைச் சுற்றி, பூவிளிம்பு வரைந்தது போல, அரை மில்லிமீட்டர் ஒரு வெள்ளை வளையம். கல்லின் ஒரு பக்கத்தில் மட்டும் அந்த வெள்ளை பரந்து, விரல் நகம் அகலத்துக்குச் செதில் செதிலாக, லேசான ரோஜா நிறத்தில் படர்ந்திருந்தது. கைலென்ஸில் பார்த்தேன். ஒவ்வொரு செதிலின் முகமும் முத்தின் உட்பளபளப்பு. ஆனால் விளிம்புகள் வேறு மாதிரி. வெண்மைக்காவின் விளிம்பு பழைய புத்தகத்தின் ஓரம் போலத் துவண்டு இருக்கும். இது வெட்டிய கண்ணாடித் துண்டு போல நேராக, கூராக ஒடிந்திருந்தது.

செம்புத் தகட்டால் கீறினேன். கோடு விழவில்லை, செம்புதான் தேய்ந்து சிவப்பாய் ஒட்டியது. பேனாக்கத்தியால் கீறினேன். விழுந்தது. ஊசி முனையால் ஒரு சிறு செதிலைப் பெயர்த்து இடுக்கியில் பிடித்து மெல்ல வளைத்தேன். துளிகூட வளைந்து கொடுக்கவில்லை. டிக். அப்பளம் ஒடிவது போல இரண்டாகப் போய்விட்டது. பாதி இடுக்கியில் நின்றது, பாதி காற்றில் பறந்தது.

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பெரியவர் என் தோளைத் தட்டிவிட்டுச் சிரித்தார்.

திண்ணையில் நிறுத்திய பாடத்தை அங்கேயே தொடர்ந்தேன். இரண்டு மின்சுமை கொண்ட கால்சியம், ஓலைகளை இருபுறமும் இறுக்கிப் பிடிக்கிறது. பொட்டாசியத்தை விட அது உருவிலும் சிறியது. அதனால் ஓலைகள் இன்னும் நெருங்கி உட்காருகின்றன. மஸ்கோவைட்டில் ஓர் ஓலையிலிருந்து அடுத்த ஓலைக்கு ஏறத்தாழ 10 ஆங்ஸ்ட்ராம் என்றால், மார்கரைட்டில் 9.5 தான். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மில்லிமீட்டரை ஒரு கோடியாகப் பங்கிட்டதில் ஒன்று. அந்த அரை ஆங்ஸ்ட்ராம் நெருக்கத்தில்தான் எல்லாமே மாறிப்போகிறது. சுவடியின் ஓலைகளைப் பசை போட்டு ஒட்டிவிட்டால் என்ன ஆகும்? பலகையாகிவிடும். வளைத்தால் ஓலைகளால் வழுக்கிக் கொடுக்க முடியாது, ஒடிந்துதான் தீரும். ஆக மார்கரைட் நொறுங்குவது பலவீனத்தால் இல்லை. உள்ளே பிடி அதிகம் என்பதால். கடினத்தன்மை கூடியதும் இதனால்தான், அடர்த்தி 3ஐத் தொடுவதும் ஓரளவு இதனால்தான். இந்த வகைக்கு வைத்த நொறுங்கு மைக்கா என்ற பெயரைக் கேட்டு அதை நோஞ்சான் என்று நினைக்கிறவர்களுக்கு இதைச் சொல்லாமல் விடுவதில்லை நான்.

"சரி அக்கா, கால்சியம் எங்கிருந்து வந்தது?" என்றான் தம்பி. வரவு எங்கிருந்து என்று கேட்காமல் அவனால் இருக்க முடியாது.

சுற்றிப் பார் என்றேன். மலை முழுக்கச் சலவைக்கல். சலவைக்கல் என்றால் கால்சியம் கார்பனேட். நடுவில் கிடப்பது அலுமினியப் பொதி. மார்கரைட்டுக்கு வேண்டியது கால்சியம் ஒன்று, அலுமினியம் நான்கு, சிலிக்கான் இரண்டு, கொஞ்சம் தண்ணீர். மைக்காக்களில் இத்தனை அலுமினியம் கேட்பவை கொஞ்சம்தான். அலுமினியம் மண்டிக் கிடக்கும் இடமும் கால்சியம் நிறைந்த இடமும் தோளோடு தோள் உரசிக்கொண்டிருக்கும் இடங்களில் ஒன்று இந்தத் தீவு. அடுப்பும் இங்கேயே இருந்தது. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய தீவின் நடுப்பகுதியில் பாறை உருகும் அளவுக்கு, 700 டிகிரியை ஒட்டி வெப்பம். தென்கிழக்கு ஓரத்தில் 400 டிகிரி போல. நடுவிலிருந்து ஓரம் வரை, நடந்தே போய்விடக்கூடிய தூரத்துக்குள் இவ்வளவு வெப்ப வேறுபாட்டைப் பாறைகளில் படிக்கலாம் என்பதால்தான் உலகெங்குமிருந்து நிலவியலாளர்கள் இங்கே வருகிறார்கள். ஓரத்தில் பாக்சைட்டின் அலுமினியம் டயஸ்போர் என்ற நீரேறிய கனிமமாக இருக்கிறது. 420 டிகிரியை ஒட்டி அது நீரை விட்டுக் குருந்தமாகிறது. அந்த எல்லைக்கு உள்பக்கம்தான் எமரி.

மார்கரைட் தாங்குவதற்கும் ஒரு மேல் வரம்பு உண்டு. மிகவும் சூடேறினால் அது அனார்த்தைட் என்ற கால்சியம் ஃபெல்ஸ்பாராகவும் குருந்தமாகவும் நீராகவும் பிரிந்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு அணுகூட மிஞ்சாது, ஒன்றுகூடக் குறையாது. இதையே திருப்பிப் போட்டால், குளிரும்போது குருந்தத்துக்குப் பக்கத்தில் கால்சியமும் சிலிக்காவும் கொண்ட நீர் கசிந்தால், குருந்தத்தின் ஓரம் மார்கரைட்டாக மாறும். கையில் இருந்த கல்லின் வெள்ளை வளையங்கள் அப்படி வந்தவை என்றே நினைக்கிறேன். மணியின் கோண விளிம்புகளைத் தின்றபடி வளையம் உள்ளே போயிருந்தது லென்ஸில் தெளிவாகத் தெரிந்தது. மோஸ் அளவுகோலில் வைரத்துக்கு அடுத்து நிற்கும் கடினக் கல்லை, கொஞ்சம் நீரும் கொஞ்சம் கால்சியமும் ஓரத்திலிருந்து மைக்காவாக்கியிருக்கின்றன.

கல்லை எடுத்துப்போகலாமா என்று பெரியவரிடம் கேட்டேன். துணியில் சுற்றி அவரே என் பையில் வைத்தார். "வளைக்கக் கூடாது" என்று டாக்சிக்காரர் மொழிபெயர்த்தார். அவர் உண்மையில் அப்படித்தான் சொன்னாரா, இல்லை என் தம்பியைப் பார்த்து டாக்சிக்காரர் சேர்த்துக்கொண்டாரா தெரியவில்லை.

நான்காம் நாள்: மூட்சூனா

கால் வலி. இன்று நிறைய நடக்கவில்லை.

அபீராந்தோஸிலிருந்து கிழக்கே கடல் வரை வளைந்து வளைந்து இறங்கும் சாலையில், மலைச்சரிவுகளில் இரும்புக் கோபுரங்கள் இன்னும் நிற்கின்றன. 1920களில் போட்ட கம்பிவடப் பாதை, சுமார் ஒன்பது கிலோமீட்டர். மலை மேலிருந்து எமரி தொட்டி தொட்டியாக மூட்சூனா துறைக்கு வந்து கப்பலேறியது. தொட்டிகள் சில கம்பியில் தொங்கியபடியே துருப்பிடித்திருக்கின்றன. அதற்கு முன் எல்லாம் கழுதை முதுகில்.

ஏறக்குறைய ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்னாலேயே இந்தத் தீவுக்கூட்டத்து மக்கள் சலவைக்கல்லில் கைகட்டி நிற்கும் சின்னச் சின்ன உருவங்கள் செதுக்கினார்கள். அவற்றை மெருகேற்றியது இந்த எமரியால் என்று கருதுகிறார்கள். 1890களில் ஆலையில் தயாரித்த சிலிக்கான் கார்பைட் சந்தைக்கு வந்த பிறகு எமரியின் மவுசு குறையத் தொடங்கியது. இன்றைக்குத் துறையில் இரண்டு படகுகள், வலை உலர்த்தும் ஒருவர், அவ்வளவுதான். பெரியவரின் கை ரேகை எனக்கு ஞாபகம் வந்துகொண்டே இருந்தது.

மார்கரைட் இந்தக் கதையில் வெறும் அழகுக் கல்லாக மட்டும் இருக்கவில்லை. 1840களின் பிற்பகுதியில் லாரன்ஸ் ஸ்மித் என்ற அமெரிக்க வேதியியலாளர் துருக்கியின் எமரிப் படிவுகளை ஆராய்ந்தார், நாக்ஸோஸ் எமரியையும் பார்த்தார். எமரி இருக்கும் இடத்தில் எல்லாம் இந்த முத்து மைக்கா கூடவே வருகிறது என்று எழுதினார். அதற்கு எமரிலைட் என்றே ஒரு பெயரும் வைத்தார். பின்னால் அது மார்கரைட்தான் என்று தெரிந்தது. அவர் எழுதியது வீண்போகவில்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸின் செஸ்டர் என்ற ஊரில், இரும்புத்தாது என்று நினைத்திருந்த இடத்தில் மார்கரைட்டைக் கண்ட சார்ல்ஸ் ஜாக்சன், அப்படியானால் எமரியும் இருக்க வேண்டும் என்றார். 1864இல் அங்கே எமரி கிடைத்தது. தெரிந்த முகம் ஒன்று கூட்டத்தில் தெரிந்தால் அவர் அண்ணனும் பக்கத்தில்தான் இருப்பார் என்று தேடுவோமே, அது மாதிரி.

மாலை காற்றில் உட்கார்ந்து தம்பிக்கு நொறுங்கு மைக்காக் குடும்பத்தின் மற்றவர்களையும் அறிமுகப்படுத்தினேன். நியூயார்க் ஆளுநராக இருந்த டிவிட் கிளிண்டனின் பெயர் கொண்ட கிளிண்டனைட்டில், நான்கு சிலிக்கான் இடங்களில் மூன்றை அலுமினியம் பிடித்துக்கொள்கிறது. இலங்கையின் வடமேல் மாகாணத்தில் கிடைத்து 1967இல் விவரிக்கப்பட்ட கறுப்பு நொறுங்கு மைக்கா ஆனந்தைட். அதில் கால்சியத்தின் இடத்தில் பேரியம், ஹைட்ராக்சில் இருக்க வேண்டிய இடத்தில் கந்தகம். கலை வரலாற்றால் நாம் அறிந்த ஆனந்த குமாரசுவாமியின் பெயர்தான் அது. அவர் முதலில் நிலவியலாளர், இலங்கைக் கனிம ஆய்வின் முதல் இயக்குநர். அவருடைய தந்தையார் பெயர் முத்துக் குமாரசுவாமி.

"முத்தா?" என்று நிமிர்ந்தான் தம்பி.

தற்செயல்தான். ஆனாலும் மார்கரைட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் சொன்னபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஐந்தாம் நாள்: மீண்டும் ஹோரா

காலையில் கிளம்பியிருக்க வேண்டிய கப்பல் வரவில்லை. மெல்டெமி என்ற வடக்குக் காற்று விடாமல் வீசுகிறது, கடல் முழுக்க வெள்ளை நுரை. துறைமுகத்தில் உட்கார்ந்திருக்கிறோம். போர்த்தாரா வாசலுக்குள் அலை தெறிப்பது இங்கிருந்தே தெரிகிறது.

நேரம் கிடைத்ததால் கல்லைப் பிரித்துப் பார்த்தேன். துணியின் மடிப்பில் பத்துப் பதினைந்து செதில்கள் உதிர்ந்திருந்தன, உப்புக்கல் அளவில். சாலைக் குலுக்கலுக்கே இப்படி. பெரிய பரப்பு அப்படியே இருக்கிறது. ஊருக்குப் போனதும் ஆய்வகத்தில் ஒரு செதிலைப் பொடித்து, ஓலைகளின் இடைவெளியை அளக்கும் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். கையும் கண்ணும் சொல்வதை நான் நம்புகிறேன்தான். ஆனால் இரண்டாம் நாள் இரவை மறக்கவில்லை. அந்த 9.5ஐக் கருவியும் சொன்னால்தான் பெயர்ச்சீட்டில் உறுதியாக எழுதுவேன்.

பெயர்ச்சீட்டை இப்போதே எழுதி வைத்தேன். "மார்கரைட், எமரியில் குருந்தத்தின் விளிம்பாக. கோரோனோஸ், நாக்ஸோஸ், கிரீஸ்." சோதனை முடிவு வரும் வரை பென்சிலில். அதன் கீழே "தொடக் கூடாது" என்று எழுதலாமா என்று தம்பி கேட்டான். கொஞ்ச நேரம் யோசித்தேன். பெரிய கல் கண்ணாடிக்குள் போகட்டும், அதைத் தொட வேண்டாம். ஆனால் உதிர்ந்த செதில்களை ஒரு சின்னக் குப்பியில் போட்டு மூடினேன். எண்ணினால் பதினான்கு. ஓர் ஆண்டுக்கு ஒன்று, வளைத்துப் பார்க்கிற பிள்ளைக்கு.

"பதிமூன்று" என்றான் தம்பி, கையை நீட்டி.

கொடுத்தேன். இரண்டு விரல் நகங்களுக்கு நடுவில் வைத்து அழுத்தினான். காற்றிரைச்சலில் சத்தம் கேட்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.